பேசாதிருந்த பெட்டி

வானொலிப் பெட்டியை அரபு மொழியில் ‘மித்யாஉ’ என்பர். பரவுதல், வெளிப்படுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து ‘மிஃப்ஆல்’ என்னும் வாய்பாட்டில் அமைந்த சொல் அது. திறவுகோலைக் குறிக்கும் ‘மிஃப்தாஹ்’, துலாக்கோலைக் குறிக்கும் ‘மீஸான்’, ரம்பத்தைக் குறிக்கும் ‘மின்ஷார்’ ஆகியவை யாவும் இதே வாய்பாட்டில் பிறந்த கருவிப் பெயர்களே. ஆயினும் வானொலி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ‘மித்யாஉ’ என்னும் சொல் அரபியில் வழங்கி வந்தது. ‘இரகசியத்தைக் காக்கத் தெரியாதவன்’ என்பது அன்று அதன் பொருள். காதில் விழுந்ததையெல்லாம் ஊருக்கு உரைத்துவிடும் ஓட்டைவாயனுக்கு முன்னோர் இட்ட பெயரைப் பின்னோர் வானொலிக்குச் சூட்டிவிட்டனர்! வகுப்பில் இதனைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் முகங்களில் புன்னகை மலரக் கண்டிருக்கிறேன்.

அத்தகைய ஓட்டைவாயன் எங்கள் இல்லத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் வாய் திறவாமல் இருந்தான். அவனை மீண்டும் பேசவைத்த வரலாற்றை இங்கே எழுதலாமென்று எண்ணுகிறேன். நம் வாசகர் பலருடைய வீட்டுப் பரண்களிலும் இத்தகைய பெட்டி ஒன்று தூசி படிந்து கிடக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் வானொலி காலூன்றியது 1924ஆம் ஆண்டில். அவ்வாண்டு சென்னையில் அன்பர் சிலர் கூடி ‘மதராஸ் மாகாண ரேடியோ கழகம்’ ஒன்றை நிறுவி ஒலிபரப்பத் தொடங்கினர். பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அக்கழகம் கலைந்தது. பின்னர் சென்னை மாநகராட்சி 1930இல் அப்பணியை ஏற்றது. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு ஆண்டு மே 16ஆம் நாள் திருச்சி நிலையமும் திறக்கப்பட்டன. கடலுக்கு அப்பால் கொழும்பில் 1925இலேயே ஒலிபரப்புத் தொடங்கிவிட்டது. 1950இல் அங்கு எழுந்த வர்த்தக ஒலிபரப்பு, பிற்காலத்தில் தமிழகத்தின் திண்ணைகளையெல்லாம் தன்வசப்படுத்திக்கொண்டது.

புதியதொரு கருவி வந்ததும் ‘இது ஆகுமா, ஆகாதா?’ என்று ஆலிம்கள் ஆராய்வது இயல்பே. எகிப்து நாட்டில் 1934 மே 31ஆம் நாள் அரசு வானொலி தொடங்கியபோது, முதலில் ஒலித்தது ஷைகு முஹம்மது ரிஃப்அத் அவர்களின் கிராஅத். வானொலியில் குர்ஆனை ஓதலாமா என்று மார்க்க அறிஞர்களிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே அவர்கள் அதற்கு இசைந்தார்கள் என்பது வரலாறு. நம் பகுதியில் இக்கேள்வி வேறொரு வடிவில் எழுந்தது. பிறை கண்ட செய்தி வானொலியில் வந்தால் அதனை ஏற்கலாமா? சாட்சி சொல்பவன் நேரில் வந்து நிற்க வேண்டுமன்றோ? இதற்கு விடை தேடிய ஹனஃபி அறிஞர்களுக்கு, ஹிஜ்ரி 1252இல் மறைந்த டமாஸ்கஸ் நகரத்துப் பேரறிஞர் இப்னு ஆபிதீன் அவர்களின் நூலில் ஒரு வழி கிடைத்தது. நகரத்தில் பிறை உறுதியானபின் முழங்கும் பீரங்கி ஓசையைக் கேட்ட கிராமத்தார் நோன்பு வைக்கக் கடமைப்பட்டவர் என்று அவர்கள் எழுதியுள்ளார்கள். பீரங்கி சாட்சி சொல்லவில்லை. தீர்ப்பானதை அறிவிக்கிறது. அவ்வாறே பொறுப்புடைய காஜியின் முடிவை வானொலி அறிவித்தால், அதுவும் ஓர் அறிவிப்பே. ஷஃபான் 29ஆம் நாள் மாலையில் வானொலியைச் சூழ்ந்து அமர்ந்த அனுபவம் உடையவர்களுக்கு இந்த ஆராய்ச்சியின் அருமை தெரியும்.

எங்கள் பெட்டி 1965ஆம் ஆண்டு வாங்கப்பட்டது. என் தந்தையார் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் சாலையில் கணக்கெழுதி வந்தார்கள். அந்நாளில் மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், ஜி.ஈ.சி. என்று பல பெயர்களில் வால்வு வானொலிகள் விற்பனையாயின. பெட்டியை வாங்கினால் மட்டும் போதாது. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் செலுத்தி உரிமமும் புதுப்பிக்க வேண்டும். 1970களில் அதற்கு 15 ரூபாய் கட்டியதாக நினைவு. 1980களின் நடுவில்தான் அரசு அந்த உரிமத்தை நீக்கியது. தந்தையாரின் உரிமப் புத்தகம், அஞ்சலக முத்திரைகளோடு இன்றும் என் பெட்டகத்தில் இருக்கிறது.

பாட்டுப் பெட்டியை வீட்டில் வைக்கலாமா என்று உறவினர் ஒருவர் தந்தையாரைக் கேட்டாராம். அதற்கு அவர்கள், “சுண்ணாம்பு தோலையும் பக்குவப்படுத்துகிறது, கையையும் அரிக்கிறது. அதற்காக எந்த டேனரியில் சுண்ணாம்புக் குழியை மூடினார்கள்?” என்று கேட்டார்களாம். எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான விடை கிடைப்பதரிது.

பெட்டியைத் தந்தையார் வாங்கினார்கள் என்றாலும், அதனை ஆண்டவர்கள் என் தாயார். கோஷா முறை கண்டிப்பாக இருந்த தெரு எங்களுடையது. தாயார் அவர்களுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். அரபுத் தமிழ்க் கிதாபுகளை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பார்கள். தமிழெழுத்து மட்டும் தெரியாது. செய்தித்தாள் அவர்களுக்குப் பூட்டிய கதவு. அந்தக் கதவைத் திறந்துவிட்டது அந்த மரப்பெட்டி. 1969இல் மனிதன் நிலவில் இறங்கியதையும், 1971இல் வங்காளதேசம் பிறந்ததையும் தெருவிலிருந்த ஆடவர் சிலருக்கு முன்னரே அறிந்தவர்கள் அவர்கள். இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியைத் தவறவிட மாட்டார்கள். நாகூர் ஹனீஃபாவின் குரல் கேட்டால் அடுப்படியிலிருந்து கூடத்திற்கு வந்துவிடுவார்கள். பி.எச். அப்துல் ஹமீதின் தமிழைக் காட்டி, “இப்படிப் பேச வேண்டும்” என்று எங்களுக்குச் சொல்வார்கள். என் நாவில் ழகரம் ஒழுங்காக அமைந்ததற்கு மத்ரஸாவுக்கு முன்பே கொழும்பு நிலையம் காரணமாயிற்று.

ஆம்பூருக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 650 கிலோமீட்டர். பகலில் வானின் உயரத்தே கதிரவன் உண்டாக்கும் மின்னூட்ட அடுக்கு ஒன்று மத்திய அலைகளை விழுங்கிவிடும். இருள் சூழ்ந்ததும் அவ்வடுக்கு மறையும். அதற்கும் மேலுள்ள அடுக்கில் அலைகள் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு வரும். இந்த அறிவியல் தாயார் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எந்த வேளையில், குமிழை எவ்வளவு திருப்பினால், எந்த நாடு பேசும் என்பது அவர்களுடைய விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

1991இல் ஒருநாள் பெட்டி உறுமியது, பின்னர் அடங்கிவிட்டது. வால்வுகள் கிடைக்கவில்லை என்று ஊர் மெக்கானிக் கைவிரித்தார். தொலைக்காட்சி வந்தது, கைபேசி வந்தது. தந்தையார் மறைந்தார்கள். பெட்டியின் மீது பூவேலை செய்த துணியொன்று விரிக்கப்பட்டது. அதன்மேல் மருந்துக் குப்பிகள் அமர்ந்தன.

2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாயார் அவர்களின் பார்வை மிகவும் மங்கிவிட்டது. குர்ஆனின் பெரிய எழுத்துகளும் தெரியவில்லை. என் மகன் அன்போடு கைபேசியில் பல காரீகளின் ஓதலைப் பதிந்து, தலையணை அருகே வைத்தான். தாயார் அவர்கள் சில நாட்கள் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள். காரணம் கேட்டேன். அவர்கள் கூறிய சொற்களை அப்படியே எழுதுகிறேன்: “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நீங்க எடுத்து வைக்கிறதைத்தானே நான் கேட்கிறேன்? அந்தப் பெட்டியில நானா தேடுவேன், நானாப் பிடிப்பேன்.”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எந்தத் தெருவில் எப்போது செல்வது, எந்த வீட்டில் எவ்வளவு நேரம் அமர்வது என்பதையெல்லாம் பிறர் தீர்மானித்த வாழ்வில், அந்தக் குமிழ் ஒன்றுதான் அவர்களுடைய சொந்த விருப்பத்திற்கு விடப்பட்டிருந்தது. அதனை ஐம்பது ஆண்டுகளாக நான் கண்ணால் கண்டும் இப்படி எண்ணிப் பார்க்க வாய்க்கவில்லை. பெட்டியைப் பேசவைப்பதென்று உறுதி கொண்டேன்.

முதலில் நான் அணுகிய கடைக்காரர் பெட்டியைத் திறந்தும் பாராமல் ஒரு யோசனை சொன்னார். “உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிடலாம். ப்ளூடூத் போர்டு ஒன்று வைத்தால் ஒரே நாளில் பாடும். வெளியே பார்க்கப் பழைய ரேடியோ மாதிரியே இருக்கும்.” இன்று பலர் இவ்வாறு செய்கின்றனர். செலவும் குறைவு. ஆனால் அப்படிச் செய்தால் குமிழைத் திருப்பினாலும் எந்த நாடும் பேசாது. சொல் இருந்து பொருள் போய்விட்ட வாக்கியத்தைப் போன்றதாகிவிடும். நன்றி கூறிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பின்னர் குடியாத்தத்தில் எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் இருப்பதாக அறிந்து சென்றேன். இளமையில் வால்வு வானொலிகளைப் பழுதுபார்த்தவர். கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பெட்டியைக் கண்டதும் அவர் முதலில் கேட்டது, “பாய், இதுக்குக் கரண்ட் கொடுத்தீங்களா?” என்பதே. “இல்லை ஐயா” என்றேன். “நல்லதாப் போச்சு” என்று பெருமூச்செறிந்தார்.

அந்தக் கேள்வியின் பொருளைப் பின்னர் விளக்கினார். நீண்ட காலம் உறங்கிய வால்வு வானொலிக்குத் திடீரென்று மின்சாரம் கொடுப்பது, பல நாள் பட்டினி கிடந்தவனுக்கு விருந்து வைப்பது போன்றதாம். மின்னோட்டத்தைச் சீராக்கும் பெரிய எலெக்ட்ரோலிடிக் கண்டன்சரின் உள்ளே அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டு. அதுவே காப்பு. பயன்படுத்தாமல் வைத்தால் அப்படலம் நலிந்துவிடும். அந்நிலையில் முழு மின்னழுத்தம் பாய்ந்தால் கண்டன்சர் வெடிக்கலாம், ட்ரான்ஸ்பார்மரும் கருகலாம். ஆகவே பெரியவர் குண்டு பல்பு ஒன்றை மின்கம்பியின் இடையே தொடராக இணைத்துக்கொண்டார். உள்ளே குறுக்குத்தொடர்பு இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து எச்சரிக்கும், பெட்டி பிழைத்துக்கொள்ளும்.

எங்கள் பெட்டியில் ஐந்து வால்வுகள். வானிலிருந்து வரும் அலையை மாற்றித் தருவது முதல் வால்வு. மாற்றிய அலையைப் பெருக்குவது இரண்டாவது. அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுப்பது மூன்றாவது. அவ்வொலிக்கு வலிமையூட்டி ஸ்பீக்கருக்கு அனுப்புவது நான்காவது. வீட்டு மின்சாரத்தை ஒருவழிப்படுத்தி ஏனைய நால்வருக்கும் உணவளிப்பது ஐந்தாவது. 1904இல் ஆங்கிலேயரான பிளெமிங் கண்ட இருமுனை வால்விலிருந்தும், 1906இல் அமெரிக்கரான டி ஃபாரஸ்ட் அதனுள் மூன்றாவதாக ஒரு முனையைச் சேர்த்ததிலிருந்தும் கிளைத்த குடும்பம் இது. நம் நாட்டிலும் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வால்வுகளை உற்பத்தி செய்தது. பெரியவரின் மரப்பெட்டியில் பழந்துணியில் சுற்றிய வால்வுகள் சில இருந்தன. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒன்றே. நான்காவது மட்டும் தேய்ந்திருந்தது.

அது தேய்ந்ததற்குக் காரணம் அதன் குற்றமன்று. அதற்கு முன்னே நின்ற சிறு கண்டன்சர், மெழுகு தோய்த்த காகிதத்தால் ஆனது. ஒலியை மட்டும் விட்டு, உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது அதன் கடமை. காகிதம் ஈரத்தை உறிஞ்சியதும் காவலன் உறங்கிவிட்டான். மின்னழுத்தம் கசிந்து வால்வை அளவுக்குமீறி உழைக்க வைத்தது. இத்தகைய காகிதக் கண்டன்சர்கள் அனைத்தையும் களைந்து பாலியஸ்டர் கண்டன்சர்களை இட்டார் பெரியவர். அவற்றை நான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்தேன். மதிப்பு மாறிப்போன ரெசிஸ்டர்கள் சிலவும் மாற்றப்பட்டன. இடுக்கி பிடிக்கும்போதெல்லாம் அவர் இடக்கையை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொள்வார். வால்வு வானொலியின் உள்ளே 250 வோல்ட் வரை இருக்கும். இரு கைகளும் பட்டால் மின்சாரம் நெஞ்சின் வழியே பாயும் என்பது அவர் குருவிடம் கற்ற முதல் பாடம்.

அலைவரிசை மாற்றும் சுவிட்சைத் திறந்தபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெள்ளிப் பூச்சுடைய தொடுமுனைகள் யாவும் கரியாய்க் கறுத்திருந்தன. “உங்க வீட்டுக்குப் பக்கத்துல தோல் ஷாப்பு உண்டா பாய்?” என்றார். நான் வியந்துபோனேன். தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் இடுவது எங்கள் பகுதித் தொழில்முறை. அதிலிருந்து எழும் கந்தக வாயு காற்றில் கலந்து வெள்ளியைக் கறுக்கச் செய்யும். எங்கள் தெருப் பெண்களின் கொலுசுகள் ஏன் அத்தனை விரைவில் கறுத்தன என்பது அன்று புரிந்தது. எங்களுக்குச் சோறிட்ட தொழிலே எங்கள் செவிக்கும் மெல்லத் திரையிட்டிருந்தது. தொடுமுனைகளைத் தூய்மை செய்ய இரண்டு நாட்கள் பிடித்தன.

அந்தத் தொழில் தன் கடனைத் திருப்பியும் கொடுத்தது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு விளிம்பில் கிழிந்திருந்தது. “கையுறைக்குப் போடுற மெல்லிசான ஆட்டுத்தோல் கிடைக்குமா?” என்று கேட்டார் பெரியவர். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? பேரணாம்பட்டு நண்பர் ஒருவர் உள்ளங்கை அகலத் துண்டு கொடுத்தார். அதைக் கீற்றாக நறுக்கி விளிம்பைச் சுற்றி ஒட்டினார். பின்னர் டயல் நூல் கோத்தல். முள்ளை இயக்கும் அந்த நூல் எந்த உருளையில் எத்தனை சுற்று, எப்பக்கமாகச் செல்ல வேண்டும் என்பதைப் படம் பார்க்காமல் நினைவிலிருந்தே கோத்தார். இந்த வித்தையை எந்த நூலிலும் படிக்கவில்லை. தம் ஆசானின் கையைப் பார்த்துக் கற்றதாகச் சொன்னார். குர்ஆனின் கிராஅத்தும் இப்படித்தானே, வாயிலிருந்து செவிக்கு, ஆசானிடமிருந்து மாணவனுக்கு வந்து சேர்ந்தது! அவருக்குப் பின் இதனைக் கற்றவர் உண்டா என்று கேட்டேன். “யார் வர்றாங்க?” என்றார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேறு வேலை பார்க்கின்றனராம்.

ஷஃபான் மாதத்தில், மே மாத இறுதியில், பெட்டி வீடு திரும்பியது. இஷாவுக்குப் பின் தாயார் அவர்களின் கட்டிலருகே அதனை வைத்து, மொட்டைமாடிக்கு ஏரியல் கம்பி இழுத்தோம். வால்வுகள் சூடேற அரை நிமிடம் ஆகும் என்பதை வீட்டு இளைஞர்கள் அறியார், “ஓடவில்லை” என்றார்கள். தாயார் அவர்கள், “பொறுங்க” என்றார்கள். டயலில் வெளிச்சம் பரவியது. பிறகு ஒலி வந்தது. ஆனால் அது வெறும் இரைச்சல்!

பெட்டியில் குறையில்லை. கைபேசிச் சார்ஜர்களும், எல்.இ.டி. விளக்குகளும், இன்வெர்ட்டரும் எழுப்பும் மின் இரைச்சல் அது. 1965இல் இவை எவையும் இல்லை. ஒவ்வொன்றாக நிறுத்தினோம். விளக்குகள் அணைந்தன, சார்ஜர்கள் கழன்றன, தொலைக்காட்சியின் இணைப்பும் பிடுங்கப்பட்டது. வீடு முழுதும் இருண்டது. டயலின் மஞ்சள் வெளிச்சத்தில் நாங்கள் ஒன்பது பேர் அமர்ந்திருந்தோம். எவர் கையிலும் கைபேசி இல்லை. குமிழைத் திருப்ப நான் கை நீட்டினேன். எனக்கு முன்பே தாயார் அவர்களின் கை அங்கே இருந்தது.

பார்வையற்ற அந்த விரல்கள் சிறிதும் தடுமாறவில்லை. சென்னை நிலையம் பேசியது. பிறகு சுவிட்சைச் சிற்றலைக்குத் திருப்பினார்கள். சீழ்க்கையொலிகளுக்கு நடுவே இலண்டன் பி.பி.சி.யின் தமிழோசை கேட்டது. சற்று நின்று கேட்டுவிட்டு மேலும் திருப்பினார்கள். தொலைவிலிருந்து கிராஅத் ஒலி ஒன்று அலைபோல் ஏறியும் இறங்கியும் வந்தது. ஓதல் முடிந்ததும் அறிவிப்பாளர் அரபியில் ஸஊதி நாட்டுக் குர்ஆன் வானொலி என்று கூறினார். நான் அதைத் தமிழில் சொன்னேன். “தெரியும்” என்றார்கள் தாயார் அவர்கள். அதற்கு மேல் அன்று யாரும் பேசவில்லை.

அடுத்த ஆண்டு, 2017 ஏப்ரல் இறுதியில், 1941இல் தொடங்கிய தமிழோசை வானொலிச் சேவை நிறுத்தப்பட்டது. உலகெங்கும் சிற்றலை நிலையங்கள் பல மூடப்பட்டு வருகின்றன. தாயார் அவர்கள் 2018இல் வஃபாத்தானார்கள். இரண்டு ரமளான்கள் அந்தப் பெட்டி அவர்களுக்குத் துணையிருந்தது. அவ்விரண்டு ஆண்டுகளில், இரவில் அரைமணி நேரமேனும் எங்கள் வீடு விளக்கணைத்து ஒன்றாக அமர்ந்திருந்தது. பெட்டியைச் சீர்செய்ததில் எதிர்பாராமல் கிடைத்த வருவாய் அது.

வாசகர்களுக்குச் சில சொற்கள். உங்கள் வீட்டில் வால்வு வானொலி இருந்தால் பழைய இரும்புக்கு எடை போட்டு விற்றுவிடாதீர்கள். ஆர்வத்தால் உடனே மின் இணைப்பும் கொடுத்துவிடாதீர்கள். அணைத்த பின்பும் கண்டன்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அறியாதவர் உள்ளே கை வைக்கலாகாது. வால்வு வேலை தெரிந்த முதியவர்கள் வேலூரிலோ சென்னையிலோ எஞ்சியிருப்பின் தேடிச் செல்லுங்கள். செல்லும்போது தொழில்நுட்பம் பயிலும் பிள்ளை ஒருவனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பழுது நீங்கியபின் மாதம் ஒருமுறையேனும் இயக்கினால் கண்டன்சர்கள் நலிவடையாமல் இருக்கும்.

இவற்றினும் எளிதானது ஒன்று உண்டு, அதற்குச் செலவுமில்லை. உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம், அந்நாளில் வானொலியில் அவர்கள் எதைத் தேடிக் கேட்டார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். பெட்டியைப் பிறகும் சீர்செய்துகொள்ளலாம். இதற்குத் தவணை கிடைப்பது உறுதியன்று.